இடம் அறிந்து உண்: லண்டனின் பாப்-அப் விருந்துகள்

லண்டனில் நிலையான முகவரி இல்லாத உணவகங்கள் ஏராளம். ஒரு மாதம், ஒரு வாரம், சில சமயம் ஒரே ஓர் இரவு மட்டும் திறந்திருந்துவிட்டுக் கலைந்துவிடும் பாப்-அப் ரெஸ்டாரன்ட்டுகள் அவை. ஓய்வுபெற்ற சுரங்க ரயில் பெட்டி, கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடி, கட்டி முடியாத வணிக வளாகம், யாரோ ஒருவர் வீட்டுக் கூடம் என எங்கு வேண்டுமானாலும் அவை முளைக்கும். நிரந்தரக் கடையில் துணிந்து செய்ய முடியாத சமையலை இங்கே செய்து பார்ப்பார்கள். உட்காரும் இடம் புதிது, தட்டில் இருப்பதும் புதிது. எல்லாம் கூடிவந்தால் அந்த இரவு ஆயுசுக்கும் மறக்காது.

ஆனால், அதே விருந்துக்குப் போன இருவரில் ஒருவர் பூரித்துத் திரும்புவதும், மற்றவர் குளிரில் நடுங்கி அரைவயிற்றோடு வீடு சேர்வதும் உண்டு. இந்த வேறுபாடு பெரும்பாலும் சமையலால் வருவதில்லை. அந்த இடத்தைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனாரா என்பதுதான் காரணம். அடுப்பு எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமைக்கும் இடத்துக்கும் மேசைக்கும் எவ்வளவு தூரம், எத்தனை பேர் நெருங்கி உட்கார வேண்டும் ஆகியவையே மெனுவையும் விலையையும் உங்கள் சௌகரியத்தையும் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த அத்தியாயத்தின் ஒரே விதி: முதலில் இடத்தைப் படியுங்கள், பிறகு மெனுவைப் படியுங்கள்.

இந்த இடங்கள் எப்படிக் கிடைக்கின்றன?

லண்டனில் நிரந்தரக் கடை எடுக்க வாடகையும் முன்பணமும் மலைபோல நிற்கும். காலியாகக் கிடக்கும் கட்டடமோ, இடைக்காலத்தில் பயனில்லாமல் இருக்கும் நிலமோ கிடைத்தால், இளம் சமையல்காரர் சிறு முதலில் தன் கைவண்ணத்தைக் காட்டிவிடலாம். சட்டமும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் உள்ளாட்சிக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, ஒரே சமயத்தில் 499 பேருக்கு மிகாமல், ஒரு தடவைக்கு 168 மணி நேரம் வரை மது பரிமாறும் நிகழ்ச்சியை நடத்தலாம். பல பாப்-அப்கள் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இந்த வகையில் பலரும் எடுத்துக்காட்டும் முன்னோடி, 2010 கோடையில் மூன்று வாரம் நடந்த ஸ்டுடியோ ஈஸ்ட் டைனிங். ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி எழுந்துகொண்டிருந்த வெஸ்ட்ஃபீல்ட் வணிக வளாகத்தின் கார் நிறுத்தக் கூரையில், தரையிலிருந்து 35 மீட்டர் உயரத்தில் அது அமைந்தது. கீழே கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. கார்மடி குரோர்க் என்ற கட்டடக்கலை நிறுவனம் சாரம் கட்டும் குழாய்களையும் பலகைகளையும் கடனாக வாங்கியே மண்டபத்தை எழுப்பியது. விருந்துக் காலம் முடிந்ததும் அவை திரும்பக் கட்டுமான வேலைக்கே போய்விட்டன. ஈஸ்ட் எண்டில் பெயர் பெற்ற பிஸ்ட்ரோதெக் உணவகம் சமையலைக் கவனித்தது. விருந்தினர்கள் சாளரத்தின் வழியே ஒலிம்பிக் அரங்கம் உருவாவதைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். அந்தக் காட்சி அந்தக் கோடையில் அந்தக் கூரைக்கு மட்டுமே உரியது. நல்ல பாப்-அப் ஒன்றை அடையாளம் காண இதையே அளவுகோலாகக் கொள்ளலாம். அதே உணவை வேறோர் இடத்தில் வைத்தால் எதுவும் குறையாது என்றால், அந்த இடம் வெறும் விளம்பரத்துக்குத்தான்.

மூன்று இடங்கள், மூன்று பாடங்கள்

*ரயில் பெட்டி.* வடகிழக்கு லண்டனில் வால்தம்ஸ்டோ பம்ப்ஹவுஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அது விக்டோரியா காலத்துக் கழிவுநீர் நீரேற்று நிலையம். ‘டியூப்’ எனப்படும் சுரங்க ரயிலின் விக்டோரியா லைனில் ஓடிய, 1967 வகையைச் சேர்ந்த பழைய பெட்டி ஒன்று அங்கே நிற்கிறது. 1968-இல் அந்த லைன் திறந்தது முதல் 2011 வரை ஓடிய ரயில்கள் அந்த வகை. சப்பர் கிளப் (முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் வைக்கும் சிறு விருந்து) நடத்துவோர் அந்தப் பெட்டிக்குள் மேசை போட்டு, லத்தீன் அமெரிக்கச் சமையலைப் பல தவணைகளாகப் பரிமாறி வந்திருக்கிறார்கள். இருக்கைகள், கைப்பிடிகள், வளைந்த கூரை எல்லாம் ரயிலில் இருந்தபடியே.

டியூப் பெட்டி குறுகலானது. பரிமாறுகிறவர் நடக்க ஒரே ஒரு நடைபாதைதான். மூடிய பெட்டிக்குள் மேசையருகே திறந்த நெருப்பை எதிர்பார்க்க முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய செவிச்சே மீன் போன்ற குளிர்ந்த தட்டுகளும், பல மணி நேரம் மெதுவாக வேகவைத்துக் கடைசியில் சூடேற்றும் குழம்பு வகைகளும் சிறப்பாக வரும். சட்டியிலிருந்து இறக்கியதும் மொறுமொறுவென்று தின்ன வேண்டியவை மேசைக்கு வருவதற்குள் நமத்துவிடும். தேர்வு உங்கள் கையில் இருந்தால் முதல் இரண்டையும் எடுங்கள். பெரிய கைப்பை, கனமான கோட்டு இரண்டுக்கும் இடமிருக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் நடைபாதையை ஒட்டிய இருக்கையைப் பதிவின்போதே கேட்டு வாங்க வேண்டும்.

*மொட்டைமாடி.* தெற்கு லண்டன் பெக்கமில், பெக்கம் ரை நிலையத்துக்கு அருகில் பல அடுக்குக் கார் நிறுத்தம் ஒன்று உண்டு. போல்ட் டெண்டென்சீஸ் என்ற கலை அமைப்பு அதன் மேல்தளங்களில் கோடைதோறும் கண்காட்சி நடத்துகிறது. உச்சியில் 2009 முதல் கோடைக்கு மட்டும் திறப்பது ஃபிராங்க்ஸ் கஃபே. சிவப்புத் துணிப் பந்தலின் கீழ் நின்றால் லண்டன் நகரமே கண்முன் விரியும். பாப்-அப் உலகத்தில் முதன்முதலாகக் கால் வைப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பல தவணை விருந்துக்கான முன்பணமும் கட்டுப்பாடும் இங்கே இல்லை, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம்.

மொட்டைமாடியில் எல்லாவற்றையும் காற்றுதான் முடிவுசெய்யும். ஜூன் மாதத்தில் லண்டனில் சூரியன் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மறைகிறது. மாலை வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு ஏறியவர்கள் பத்து மணிக்கு நடுங்குவார்கள். கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். உணவும் சீக்கிரம் ஆறிவிடும். தட்டு வந்ததும் படம் எடுத்துக்கொண்டிராமல் சாப்பிடத் தொடங்குங்கள்.

*சிறைச்சாலை.* இது பாப்-அப் அல்ல, நிரந்தரம்தான். இருந்தாலும் ஓர் இடத்தின் விதிகள் விருந்தை எவ்வளவு தூரம் ஆளும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காண முடியாது. கிளிங்க் என்ற தொண்டு அமைப்பு ஹை டவுன் சிறையில் 2009-இலும் பிரிக்ஸ்டன் சிறையில் 2014-இலும் உணவகம் திறந்தது. கைதிகள் முறைப்படி பயிற்சி பெற்றுச் சமைத்துப் பரிமாறுகிறார்கள். விடுதலைக்குப் பிறகு அவர்களுக்கு உணவகத் துறையில் வேலை கிடைக்க உதவுவதே நோக்கம். உள்ளே போக முன்பதிவும் அடையாள அட்டையும் கட்டாயம். கைபேசி கொண்டுபோக முடியாது. உலோகக் கத்தி, முள்கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக்தான் கிடைக்கும். இந்த விதிகளை முன்பே படித்துவிட்டு வந்தவர் நிம்மதியாக மூன்று தவணையும் சாப்பிடுவார். படிக்காதவர் வாசலோடு திரும்ப நேரிடும். எந்த வினோத இடத்துக்குப் போனாலும், பதிவை உறுதிசெய்து வரும் மின்னஞ்சலைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. சமையல் அங்கேயே நடக்கிறதா, வேறிடத்தில் சமைத்துக் கொண்டு வருகிறார்களா?
2. மெனு ஒன்றேதானா, மாற்றுத் தட்டு உண்டா?
3. தனி மேசையா, முன்பின் தெரியாதவர்களோடு நீண்ட பொதுமேசையா?
4. கூரை உண்டா? மழை பெய்தால் என்ன ஏற்பாடு?
5. கழிவறை எங்கே? லிஃப்ட் உண்டா, படி மட்டும்தானா?
6. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்? தாமதமாக வந்தால் தவறவிட்ட தவணையைத் தருவார்களா?
7. மது அங்கே விற்கிறார்களா, நாமே கொண்டுவரலாமா? கொண்டுவந்தால் திறப்பதற்குக் கட்டணம் உண்டா?

ஏழுக்கும் பொறுமையாகப் பதில் எழுதுகிற அமைப்பாளரை நம்பிப் பணம் கட்டலாம். “வந்து பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும்” என்று மட்டும் சொல்கிறவரிடம் சற்று நிதானியுங்கள். ஆச்சரியம் தட்டில் இருக்கட்டும், கழிவறை விஷயத்தில் வேண்டாம்.

சைவர்களுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும்

இந்தப் பகுதியைத் தவறாமல் படியுங்கள். ஒரே மெனு உள்ள சிறு சமையலறையில் மேசைக்கு வந்த பிறகு எதையும் மாற்றுவது கடினம். உங்கள் தேவையைப் பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு முறை நினைவூட்டுங்கள்.

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பிரிட்டனில் முட்டையும் பாலும் அதில் அடக்கம். முட்டை ஆகாது என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். மறைந்திருக்கும் அசைவப் பொருள்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சூப்பிலும் சோற்றிலும் சேரும் கோழி அல்லது எலும்புச் சாறு, இனிப்பைக் கெட்டியாக்கும் ஜெலட்டின், தாய்லாந்து வகை உணவில் மீன் சாஸ், வூஸ்டர் சாஸில் நெத்திலி, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறையும் பார்மிஜானோ சீஸ். லத்தீன் அமெரிக்கச் சமையலில் அவரை வகைகளையும் சோளமாவு பண்டங்களையும் பன்றிக் கொழுப்பில் செய்யும் வழக்கமும் உண்டு. இவற்றைப் பட்டியலாகவே எழுதி அனுப்பிவிடுங்கள். நல்ல சமையல்காரர் சங்கடப்படமாட்டார், எதைச் செய்யலாம் என்று முன்கூட்டியே யோசிக்க அது அவருக்கும் வசதி.

ஒவ்வாமை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். பிரிட்டனில் உணவு விற்கும் எவரும், ஒரே இரவு நடத்துபவர் உட்பட, 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் தங்கள் உணவில் இருக்கின்றனவா என்ற விவரத்தைத் தர வேண்டும். பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி முதலிய கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்களோடு கடுகும் எள்ளும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. தேங்காயும் கொண்டைக்கடலையும் கிடையாது. அவை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் நீங்களே வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தைக் கையோடு வைத்திருங்கள். ஒரே பலகையில் எல்லாவற்றையும் நறுக்கும் தற்காலிகச் சமையலறைக்குப் போக வேண்டுமா என்பதையும் ஒரு தடவை யோசியுங்கள்.

சுகாதாரத்தைச் சரிபார்ப்பது

இங்கிலாந்தில் உணவுத் தொழில் தொடங்குகிறவர் குறைந்தது 28 நாள் முன்பு உள்ளாட்சியில் பதிவு செய்ய வேண்டும். பரிசோதனைக்குப் பிறகு 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் தருவார்கள். அதை இணையத்தில் எவரும் பார்க்கலாம். பாப்-அப்பின் பெயரில் மதிப்பெண் கிடைக்காவிட்டால், அதை நடத்தும் சமையல்காரர் அல்லது நிறுவனத்தின் பெயரில் தேடுங்கள். எங்குமே பதிவு தெரியாவிட்டால் அமைப்பாளரிடம் நேராகக் கேளுங்கள், தவறில்லை. உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழி எங்கே என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடமும் ரயில் பெட்டியும் உணவகத்துக்காகக் கட்டியவை அல்ல.

பணம்

பெரும்பாலான பாப்-அப்களில் சினிமாவுக்குப் போல முன்பே டிக்கெட் வாங்க வேண்டும். இருக்கைகள் குறைவு. காலியாகக் கிடக்கும் ஒவ்வோர் இருக்கையும் சமையல்காரருக்கு நேரடி நஷ்டம். குறிப்பிட்ட தேதிக்கான இத்தகைய டிக்கெட்டுக்கு, இணையத்தில் வாங்கும் பொருள்களுக்கு உள்ள 14 நாள் ரத்து உரிமை பொருந்தாது. உங்களால் போக முடியாவிட்டால் பணம் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா என்று வாங்கும்போதே கேளுங்கள். நடத்துபவரே ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது அவர் பொறுப்பு.

டிக்கெட்டில் எது அடங்கும், எது அடங்காது என்று பாருங்கள். பானமும் சர்வீஸ் சார்ஜும் பல இடங்களில் தனி. லண்டனில் சர்வீஸ் சார்ஜ் பெரும்பாலும் 12.5 சதவீதம். ‘விருப்பத்தின் பேரில்’ என்று அச்சிட்டிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 2024 அக்டோபர் முதல் டிப்ஸ் முழுவதையும் ஊழியர்களுக்கே சேர்ப்பிக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே நன்றாகப் பரிமாறியவருக்கு மனமாரக் கொடுக்கலாம். ரொக்கம் வாங்காத இடங்கள் பல, கார்டு எடுத்துப் போங்கள்.

விருந்து நாள்

மதியம் லேசாகச் சாப்பிடுங்கள், பட்டினி கிடக்காதீர்கள். பல தவணை விருந்தில் முதல் தட்டு வரவே நேரமாகலாம். சௌகரியமான, தட்டையான செருப்போ ஷூவோ அணியுங்கள். சாரப்பலகைத் தரையும் இரும்புப் படியும் குதிகால் செருப்புக்கு எமன்.

சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே சென்று சேருங்கள். இத்தகைய இடங்களுக்குப் பெயர்ப்பலகை இருக்காது, வாசல் பின்பக்கம் இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே தட்டு வரும் விருந்தில் ஒருவர் தாமதித்தால் மேசை முழுவதும் காத்திருக்கும்.

பொதுமேசையில் பக்கத்தில் உட்காருபவரிடம் முதலில் நீங்கள் பேச்சுக் கொடுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள், இதைப் பற்றி எப்படித் தெரிந்தது என்ற இரண்டு கேள்வி போதும், மூன்றாவது தட்டுக்குள் கலகலப்பாகிவிடும். சமையல்காரர் தட்டைப் பற்றிச் சொல்ல வரும்போது பேச்சை நிறுத்திக் கேளுங்கள். எதை எதோடு சேர்த்து, எந்த வரிசையில் சாப்பிட வேண்டும் என்று அவர் சொல்வது உண்மையிலேயே சுவையை மாற்றும்.

திரும்பும் வழியைப் புறப்படும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். வார நாளில் கடைசி டியூப் ஏறக்குறைய நள்ளிரவோடு முடிந்துவிடும். வெள்ளி, சனி இரவுகளில் விக்டோரியா லைன் உட்பட ஐந்து லைன்களில் விடிய விடிய ரயில் உண்டு. வால்தம்ஸ்டோ போன்ற தொலைவான இடங்களுக்கு அந்த இரண்டு இரவுகளே வசதி.

பழக்கமில்லாத தட்டு வரும்போது

2012 ஒலிம்பிக் சமயத்தில் கோபன்ஹேகனின் புகழ்பெற்ற நோமா உணவகம், லண்டன் கிளாரிட்ஜஸ் ஹோட்டலில் பத்து நாள் விருந்து நடத்தியது. தலைக்கு 195 பவுண்டு. அதில் முட்டைக்கோஸ் இலை மேல் உயிருள்ள எறும்புகளை வைத்துப் பரிமாறினார்கள். அதிர்ச்சிக்காக மட்டும் செய்ததல்ல அது. எறும்பின் உடலில் உள்ள அமிலம் எலுமிச்சைபோலப் புளிக்கும். எலுமிச்சை விளையாத வட ஐரோப்பியச் சமையலுக்கு உள்ளூர்ப் புளிப்பு எங்கே கிடைக்கும் என்று தேடியதன் விடை அந்த எறும்பு.

இப்படி ஒரு தட்டு வந்தால் முதலில் காரணம் கேளுங்கள். இது ஏன் இங்கே இருக்கிறது என்று சமையல்காரரால் சொல்ல முடிந்தால், ஒரு வாய் எடுத்துப் பாருங்கள். முதல் வாயில் நாக்கு திகைக்கும், இரண்டாவது வாயில்தான் சுவை தெரியும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தட்டை ஓரமாக வைப்பதில் அவமரியாதை இல்லை. மதம், கொள்கை, உடல்நிலை காரணமாகத் தொடவே கூடாதென்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

லண்டனுக்கு வெளியே

இந்த வகை அனுபவம் ஐரோப்பா முழுவதும் உண்டு. பாரிஸின் பலே டி டோக்கியோ கலைக்கூடத்தின் கூரையில், கலைஞர் லொரான் கிராஸோ வடிவமைத்த நோமியா என்ற கண்ணாடி உணவகம் 2009 முதல் 2011 வரை நடந்தது. எதிரே ஈஃபில் கோபுரம். இருக்கைகள் பன்னிரண்டே பன்னிரண்டு. இத்தனை சிறிய விருந்துகளுக்கு டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்துக் காத்திருப்பது தவிர வேறு வழியில்லை. வார நாளைக் கேட்டால் வாய்ப்புச் சற்றுக் கூடும்.

அதிகச் செலவில்லாமல் இந்த உலகத்தைப் பார்க்க ஹெல்சிங்கி நல்ல இடம். 2011 மே மாதம் அங்கே தொடங்கிய ரெஸ்டாரன்ட் டேயில் யார் வேண்டுமானாலும் ஒரு நாள் உணவகம் போடலாம். பூங்காவிலும் வீட்டுக் கூடத்திலும் கடை விரிப்பார்கள், மாடி ஜன்னலிலிருந்து கூடையில் கட்டி உணவை இறக்குபவரும் உண்டு. உரிமம் வாங்கும் சிக்கலில் சலித்த சில நண்பர்களின் யோசனை அது. பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

விருந்து முடிந்த பிறகு

பாப்-அப் என்பது சமையல்காரருக்கு ஒரு சோதனை. அதன் முடிவு அவருக்கு உங்கள் மூலம்தான் தெரியும். கல்கத்தாவைச் சேர்ந்த அஸ்மா கான் 2012-இல் லண்டனில் தன் வீட்டில் விருந்து வைத்துத் தொடங்கினார். 2015-இல் சோஹோவின் ஒரு பப்பில் பாப்-அப் நடத்தினார். 2017-இல் டார்ஜீலிங் எக்ஸ்பிரஸ் என்ற உணவகத்தையே திறந்தார். ஷோர்டிச் நகர மண்டபத்தில் 2013-இல் திறந்த கிளோவ் கிளப்புக்கும் வேர் ஒரு வீட்டு சப்பர் கிளப்தான். இவர்கள் வளர்ந்ததில், ஆரம்ப நாள்களில் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கும் பங்கு உண்டு.

எனவே எழுந்து போகும் முன் சமையல்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். எந்தத் தட்டு மிகப் பிடித்தது என்பது ஒன்று. எது சரியாக வரவில்லை, ஏன் என்பது மற்றொன்று. ‘எல்லாம் அருமை’ என்ற பொத்தாம்பொதுவான பாராட்டு அவருக்குப் பயன்படாது. இரண்டாம் தட்டு ஆறியிருந்தது, நான்காவதில் உப்புத் தூக்கல், கடைசி இனிப்பை இன்னொரு தடவை கேட்கத் தோன்றியது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சிரித்த முகத்தோடு, மற்ற விருந்தினர் காதில் விழாமல் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் வேறோர் இடத்தில் அடுப்பை மூட்டும்போது உங்கள் சொல் அவருக்குக் கைகொடுக்கும்.